சீக்குச் செட்டு கடைசியில்

நாமக்கல்காரர்களிடம் போய்ச் சுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்தினால் நாம்தான் அசடு வழிந்து திரும்ப வேண்டியிருக்கும். கோழிப்பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீரில் கால் நனைக்காமல் சொந்தச் சம்பந்தியைக்கூட உள்ளே விடமாட்டார்கள். லாரிக்கே அங்கே சக்கரக் குளியல் உண்டு. அந்த ஊரில் பிறந்து, அந்த ஊர்க் கோழிகளுக்கு வைத்தியம் பார்த்து, கிருமியியலில் பெரிய பட்டமும் வாங்கிய டாக்டர் செங்கமலம், பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த 'விண்மனை' நிலையத்தில் காலடி எடுத்து வைத்தாள். காலடி என்று சொல்லக் கூடாது, அங்கே யாருடைய காலும் எதிலும் படுவதில்லை. மிதந்து நுழைந்தாள். நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஏனுங்க, இங்க கால் நனைக்கற தொட்டி எங்க இருக்குது?"

நிலையத்தில் ஏற்கெனவே இருந்த மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விழ வழியில்லாத இடத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. நிலையத்தின் தலைவி கேப்டன் அனகா தேஷ்முக், விமானப்படையில் பேர் வாங்கியவர். தோர்ஜே, லடாக்கில் பிறந்த இளம் விமானி. மூன்றாவது ஆள் பொறியாளன் கிளமென்ட் பர்னாந்து, தூத்துக்குடிக்காரன். அவள் கேட்ட தமிழ் புரிந்து சிரித்தவன் அவன் ஒருவன்தான். மற்ற இருவரும் அவன் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கோழி டாக்டருக்கு வானத்தில் என்ன வேலை என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து விவாதித்திருந்தார்கள். நாமக்கல்லில் அதே வாரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேனர் எழுந்தது: 'விண்ணுக்குச் செல்லும் எங்கள் கோழி டாக்டர்!' அதன் கீழே மீசையை முறுக்கிக்கொண்டு நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தார் அவள் புருஷன் ரத்தினசபாபதி. செங்கமலம் அந்தப் படத்தைத் தன் படுக்கைப் பைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். யார் கேலி செய்தாலும் செய்யட்டும், அவளுக்கு அது பெருமைதான்.

வேலை உண்மையிலேயே பெரிய வேலை. கோழிக்கும் மனிதனுக்கும் வயிற்றைக் கெடுக்கிற சால்மொனெல்லா என்ற கிருமி எடையற்ற இடத்தில் ஏன் இன்னும் முரடாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"இங்க வந்தா அதுக்கு என்ன டாக்டர் ஆவுது? நமக்கு முகம் உப்புது, கால் சூம்புது. கிருமிக்குக் காலுமில்ல, முகமுமில்லையே?" என்று ஒருநாள் கிளமென்ட் கேட்டான். கையில் வழக்கம்போல இரண்டு தண்ணீர்ப் பைகள். இரண்டையும் ஒரு குழாயால் இணைத்து, இதைப் பிழிந்து அதில் நிரப்பி, அதைப் பிழிந்து இதில் நிரப்பிக்கொண்டிருந்தான். அது அவனுடைய பைத்தியக்காரத்தனம் என்று நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"பூமியில தண்ணி சும்மா நிக்காதுங்க கிளமென்ட்," என்றாள் செங்கமலம். "சூடானது மேல வரும், கனமானது கீழ போகும், ஏதோ ஒரு ஓட்டம் இருந்துக்கிட்டே இருக்கும். கிருமி மேல அந்த உரசல் எப்பவும் படும். எப்ப அந்த உரசல் நிக்கும் தெரியுங்களா? வயித்துக்குள்ள போயி, குடலோட மடிப்புல ஒதுங்கும்போது. அப்ப அது நெனைக்கும், வந்து சேர வேண்டிய எடத்துக்கு வந்தாச்சு, இனிக் கத்தியத் தீட்டலாம்னு."

"இங்க?"

"இங்க எடையே இல்ல. பையில கெடக்கற தண்ணி அப்படியே கெடக்கும். அதுல ஒரு கிருமி இருந்துச்சுன்னா, குடலுக்குள்ள இருக்கற மாதிரியே அதுக்கு நெனப்பு. நம்ம வயித்துக்குப் போறதுக்கு முன்னாலயே கத்தியத் தீட்டி வெச்சுட்டுக் காத்திருக்கும்."

"மோசம் போன சாமானால்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கிளமென்ட் தன் பையைப் பிழிந்துகொண்டே போனான்.

சமையல் பகுதியில் எல்லாருக்குமான குடிநீர்ப் பை ஒன்று தொங்கும். நிலையத்தின் இயந்திரம் வடிகட்டிச் சுத்தம் செய்த தண்ணீர் அதில் வந்து சேரும். அவ்வப்போது அதைக் கழற்றிப் புதுப் பை மாட்ட வேண்டும். தோர்ஜே ஒருநாள் கையைக்கூடத் துடைக்காமல் மாட்டுவதைப் பார்த்துச் செங்கமலத்துக்குப் பொறுக்கவில்லை. "இனிமே இந்த வேலை என்ற வேலை. பண்ணைக்காரி கை சுத்தமான கை," என்று அதிகாரமாகச் சொல்லிப் பறித்துக்கொண்டாள். கேப்டனும் சந்தோஷமாகத் தலையாட்டினார். வேலை செய்கிறேன் என்று வருகிறவரை யார் வேண்டாம் என்பார்கள்?

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்து, கேப்டன் தேஷ்முக் காலையில் படுக்கைப் பையை விட்டு எழுந்திருக்கவில்லை. கொதிக்கிற காய்ச்சல், வயிற்றைப் பிசைகிற வலி. மாலைக்குள் தோர்ஜேயும் சாய்ந்தான். எடையற்ற இடத்தில் வயிற்றுப்போக்கு என்றால் என்ன என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களும் இருப்பார்கள். செங்கமலத்துக்கும் வயிறு கலங்கியது. ஆனால் ஒரு பகல் சுருண்டு கிடந்துவிட்டு, மறுநாள் எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு வேலையில் இறங்கிவிட்டாள்.

"உங்களுக்கு மட்டும் எப்படிம்மா அதுக்குள்ள சரியாச்சு?" என்று தரை மையத்திலிருந்து மருத்துவத் தலைவர் அமிர்தலிங்கம் கேட்டார்.

"நாமக்கல் உடம்புங்க ஐயா. இந்தக் கிருமியோடயே பொறந்து வளந்த உடம்பு," என்றாள். அந்தப் பதிலைத் தரை மையத்தில் எல்லாரும் ரசித்தார்கள். செய்தியில்கூடப் போட்டார்கள்.

கிளமென்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரு ஏப்பம்கூடப் பிசகாமல் நன்றாக இருந்தான்.

செங்கமலம் நோயாளிகளைப் பண்ணை முறைப்படியே பார்த்தாள். கோழிக் கொட்டகையை அவர்கள் ஊரில் செட்டு என்பார்கள். காலையில் முதலில் போக வேண்டியது குஞ்சு செட்டுக்கு. அப்புறம் முட்டைக் கோழி இருக்கிற செட்டு. சீக்குச் செட்டு கடைசியில். வரிசையை மாற்றினால் சீக்குக் கோழியின் கிருமியைக் குஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பாவம் வரும். அதனால் அவள் தினமும் முதலில் கிளமென்டைப் பார்த்து, பிறகு தோர்ஜே, கடைசியில் கேப்டன் என்று போனாள். தோர்ஜே மெல்ல மெல்லத் தேறினான். கேப்டன் தேறவில்லை. மருந்து கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். அவ்வளவு திடமான பெண்மணி பேசவும் தெம்பில்லாமல் கிடந்தார்.

கிருமி அவளுடைய ஆராய்ச்சிப் பெட்டியிலிருந்து தப்பித்ததோ என்றுதான் தரை மையம் முதலில் கேட்டது. இல்லை. பெட்டியிலிருந்த கிருமிக்கு அடையாளம் வைத்திருந்தாள். இது அது அல்ல. இது குடிநீர்ப் பையில் இருந்தது. அந்தப் பையை உடனே கழற்றி மூடி வைத்து, கிருமிக்கொல்லி கலந்த தண்ணீருக்கு எல்லாரையும் மாற்றினாள். பைக்கு எப்படி வந்தது? நான்கு பேரில் யாரோ ஒருவர் உடம்பில் நோயில்லாமலே கிருமியைச் சுமந்துகொண்டு மேலே வந்திருக்கிறார்.

"யாரா இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று அமிர்தலிங்கம் கேட்டார்.

இந்த இடத்தில்தான் செங்கமலம் தன் தொழிலின் பெருமையில் வாயை விட்டாள். "எங்க பண்ணையில இதுக்கு ஒரு கணக்கு உண்டுங்க ஐயா. செட்டுல அத்தனை கோழியும் தொங்கிப் போயிக் கெடக்கும்போது, ஒரு கோழி மட்டும் ஜம்முனு தீனி தின்னுக்கிட்டு நிக்கும் பாருங்க, அதத்தான் முதல்ல புடிக்கோணும். சீக்கச் சுமக்கறது அதுதான்."

"அப்ப கிளமென்ட்."

"கோழிக் கணக்குச் சொன்னேன்," என்றாள் சற்றுத் தயங்கி. ஆனால் மறுக்கவில்லை.

கிளமென்டின் மலத்தைப் பரிசோதித்தாள். கிருமி இல்லை. மறுபடி பார்த்தாள். இல்லை. "இல்லைங்கறதால இல்லைன்னு ஆயிடாதுங்க. பித்தப்பையில ஒளிஞ்சிருந்து விட்டு விட்டுத்தான் வெளிய வரும். கெளம்பறதுக்கு முன்னால எல்லாருக்கும் எடுத்த பரிசோதனையில தப்பிச்ச மாதிரி," என்று அவளே விளக்கமும் சொன்னாள். படித்தவர்கள் தப்புச் செய்தால் அதற்குக் காரணமும் படித்த காரணமாகவே இருக்கும்.

கேப்டனை உடனே கீழே கொண்டுவர வேண்டும். ஆனால் நிலையத்தை ஆளில்லாமல் விட முடியாது; யாராவது ஒருவர் தங்க வேண்டும். மாற்றுக் குழு வருவதற்கு மழைக்காலம் முடிந்துவிடும். தரை மையம் முடிவு சொன்னது: மூன்று பேர் இறங்குவார்கள், கிளமென்ட் தங்குவான். கிருமி சுமக்கிறவனை நோயாளிகளோடு ஒரு சின்னக் கலத்தில் அடைக்க முடியாதல்லவா? கலம் புறப்படும்வரை அவன் சாமான் அறையில் தனியாக இருக்க வேண்டும். பின்னால் கீழே வந்தாலும் கிருமி போய்விட்டது என்று உறுதியாகும்வரை தனிமைதான்.

கிளமென்டின் மனைவி மெர்சலினுக்கு நிறைமாதம். குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இந்த மாதமே இறங்குகிற மாதிரி அவன் தன் முறையைக் கணக்குப் பார்த்து வாங்கியிருந்தான்.

செய்தி எப்படியோ வெளியே கசிந்தது. 'விண்வெளிக் கிருமி மனிதன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். தூத்துக்குடியில் மெர்சலின் கடைக்குப் போனால் கூட்டம் விலகி வழி விட்டது. அவள் வழக்கமாகப் போகும் மருத்துவமனையில், பிரசவத்துக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லது என்று மரியாதையாகச் சொன்னார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கணவன் விண்ணுக்குப் போய் மாதக்கணக்காகிறது, மனைவியிடம் எந்தக் கிருமி இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் காலை, முறைப்படி முதல் ஆளாகச் சாமான் அறைக்குப் போனாள் செங்கமலம். பிளாஸ்டிக் திரைக்கு அந்தப் பக்கம் கிளமென்ட் மிதந்துகொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. எடையற்ற இடத்தில் கண்ணீர் வழியாது. கண்ணிலேயே திரண்டு நிற்கும். துடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

"மெர்சலின் பேசுனா," என்றான். "அழுவல. அவ அழுதிருந்தா நல்லாருந்திருக்கும். பிள்ளைய நீங்க தொடாண்டாம், தூரத்துல நின்னு பாத்துட்டுப் போங்கன்னு எல்லாரும் சொல்லுதாவன்னு சொன்னா. நான் என்னத்த சொல்ல டாக்டர்? எனக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. நீங்கதான் சொல்லுதீங்க இருக்குன்னு."

எதையாவது பேச வேண்டும் என்பதற்காக, "சாப்பிடுங்க. தண்ணியாவது குடிங்க," என்றாள்.

கிளமென்ட் தன் இரண்டு பைகளை எடுத்தான். பழக்கம் விடுமா? இதைப் பிழிந்து அதில், அதைப் பிழிந்து இதில்.

"எதுக்கு இந்த வேலை? டீயின்னாலும் ஒரு நாயம் இருக்குது. வெறும் தண்ணியப் போயி ஆத்தறீங்களே."

"செத்த தண்ணி டாக்டர் இது. மிஷின் வடிச்சுத் தந்த தண்ணிக்கு ருசி கிடையாது. காலையில ஒரு நாளைக்கு உள்ளத பிடிச்சு வச்சுட்டு, வேலை பாக்கும்போதெல்லாம் ஆத்திக்கிட்டே இருப்பேன். அங்கயும் இங்கயும் ஓடுனாத்தான் அதுக்கு உசிர் வரும். எங்க வீட்டுல ஆத்தாத எதையும் எவனும் குடிக்க மாட்டான்."

செங்கமலம் அவன் கையையே பார்த்தாள். பை சுருங்கி, குழாய் வழியே தண்ணீர் சீறிக்கொண்டு அடுத்த பைக்குள் பாய்ந்தது. சுழன்றது. அடங்குவதற்குள் மறுபடி திரும்பியது. இத்தனை மாதமாக அவள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்த கூத்து அது.

"உரசல்," என்றாள்.

"என்னது?"

"கிளமென்ட், மூடி வெச்ச அந்தப் பழைய தண்ணியக் கொஞ்சம் தர்றேன், இதே மாதிரி நாள் முழுக்க ஆத்திக் குடுங்க. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதீங்க."

அவள் ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்த சின்னத் தட்டுகள் இருந்தன. மனிதக் குடலின் செல்களை வளர்த்தவை. மூடி வைத்த குடிநீர்ப் பையில் அசையாமல் கிடந்த தண்ணீரிலிருந்து ஒரு தட்டில் இட்டாள். அதே தண்ணீரைப் பிடித்து நாள் முழுக்கக் கிளமென்ட் ஆற்றியதிலிருந்து இன்னொரு தட்டில். இரண்டிலும் கிருமி உண்டு. ஏறக்குறைய அதே அளவு. மறுநாள் பார்த்தபோது முதல் தட்டில் செல்கள் கிழிந்து கந்தலாகிக் கிடந்தன. இரண்டாவது தட்டில் கீறல்கூட இல்லை. கத்தி தீட்ட நேரம் கிடைக்காத கிருமிகள் சாதுவாக மிதந்துகொண்டிருந்தன.

சந்தேகம் தீரும்வரை திரும்பத் திரும்பச் செய்தாள். பிறகு அமிர்தலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"கிளமென்ட் எங்களோட அதே தண்ணியத்தான் குடிச்சிருக்காருங்க ஐயா. ஆனா ஆத்திக் குடிச்சிருக்காரு. உரசல் இருந்துக்கிட்டே இருந்ததால கிருமி பூமியில இருக்கற மாதிரி சாதுவாயிருச்சு. அவர் உடம்பு அதச் சமாளிச்சிருச்சு. அவரு சீக்கச் சுமக்கற கோழி இல்ல. தண்ணியச் சரியாக் குடிச்ச கோழி. அவ்வளவுதான்."

அமிர்தலிங்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். குடிநீர்ப் பையோடு ஒரு பம்பை இணைத்துத் தண்ணீரை ஓட விட்டுக்கொண்டே இருக்க ஏற்பாடு செய்யலாம் என்றார். பிரமாதமான கண்டுபிடிப்பு என்றார். எல்லாம் சொல்லிவிட்டு, "ஆனா முடிவை மாத்த முடியாதும்மா," என்றார்.

"ஏனுங்க?"

"அவருக்கு ஏன் நோய் வரலைன்னு காட்டிட்டீங்க. கிருமியைக் கொண்டுவந்தது அவர் இல்லைன்னு காட்டலையே. நாலு பேர்ல ஒருத்தர் கொண்டுவந்திருக்காங்க. அது வேற யாருன்னு தெரியாத வரைக்கும் சந்தேகம் அவர் மேலதான். இன்னும் அஞ்சு நாள்ல கலம் இறங்கியாகணும்."

அன்றைக்குக் குடும்பத்தோடு பேசுகிற நாள். திரையில் ரத்தினசபாபதி பண்ணை வாசலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் கோழிச் சத்தம்.

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி வாடிக் கெடக்குது? வெசனப்படாத புள்ள. ஊரே உன்ற பேச்சுத்தான். ஒரே நாள்ல எந்திரிச்சிட்டாங்கன்னு டிவியில சொன்னாங்கள்ல, பண்ணைக்காரங்க சங்கத்துல எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டேன், நாமக்கல் உடம்புய்யா அதுன்னு."

"அட, சும்மா இருங்க மாமா."

"ஏன் சும்மா இருக்கோணும்? நம்ம பண்ணையில இதே மாதிரி வயித்துச் சீக்குப் புகுந்த வருசம் ஞாபகமிருக்குதா? நானும் நீயும் ஒண்ணாப் படுத்தமே, ஆசுபத்திரியில எதுத்தெதுத்துக் கட்டில். அதையே பாத்தவளுக்கு இது எம்மாத்திரம்?"

அவர் அதற்குப் பிறகு தீவன மூட்டையைப் பற்றியும் வீட்டுக்கு ஒறம்பறையாக உறவுக்காரர்கள் வந்ததைப் பற்றியும் பேசினார். செங்கமலம் கேட்கவில்லை. அவள் சொன்ன ஒரு வாக்கியம் அவள் காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. இந்தக் கிருமியோடயே பொறந்து வளந்த உடம்பு. பெருமைக்குச் சொன்னாள். அது வெறும் உண்மையாக இருந்தால்? ஒரே பகலில் எழுந்த உடம்பு, கிருமியை முன்பே அறிந்த உடம்பு. பையை மாட்டியது யார் கை? பண்ணைக்காரி கை சுத்தமான கை. பித்தப்பையில் ஒளிந்து விட்டு விட்டு வெளியே வரும் என்று விளக்கியது யார்?

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். ஆனால் ரத்தம் தெரியும். நால்வரின் ரத்தத்தையும் பரிசோதித்தாள். மற்ற மூவரிடமும் இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு புதிதாகச் செய்த நோய் எதிர்ப்புப் படை மட்டும் இருந்தது. அவளிடம் பழைய படை. ஆண்டுக்கணக்காக முகாம் கலைக்காமல் காவல் நிற்கிற படை. எதிரி உள்ளேயே இருந்தாலோ, பண்ணையில் அடிக்கடி வந்து போனாலோதான் அப்படி நிற்கும். அதோடு அவளுடைய மலத்தையும் மறுபடி மறுபடி வளர்த்துப் பார்த்தாள். நோய் தீர்ந்து இத்தனை நாள் கழித்தும் கிருமி வந்தது. கிளமென்டிடம் ஒருமுறைகூட வராத கிருமி.

அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே மிதந்தாள். கேட்பவர் யாரும் இல்லை. இதைத் துடைத்துப் போட்டுவிட்டால் நாளை மறுநாள் பூமி. நாமக்கல்லில் மேளம், மாலை, பேனர். உலகத்துக்கே உபயோகமான கண்டுபிடிப்போடு இறங்குகிற கோழி டாக்டர். அந்த ஆசை அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கர்வம் ஒன்று அவளிடம் இருந்தது. தன் பண்ணைச் சீக்கை அடுத்தவன் பண்ணையில் தள்ளிவிட்டார்கள் என்ற பேச்சை அவள் குடும்பம் இதுவரை வாங்கியதில்லை.

நேராகச் சாமான் அறைக்குப் போனாள். திரையை விலக்கினாள்.

"டாக்டர், திரைய மூடுங்க. கிட்ட வராதீங்க," என்று கிளமென்ட் பதறினான்.

"நீங்கதான் என்றகிட்ட வராம இருக்கோணும். கிருமி என்னோடது கிளமென்ட். நான்தான் கொண்டுவந்திருக்கறேன். பையில போட்டதும் இந்தக் கைதான்."

அவனுக்குக் கோபம் வந்தது. வர வேண்டிய கோபம்தான். "மெர்சலின் கடைக்குப் போவ முடியல டாக்டர். எங்கம்மா கோயிலுக்குப் போவல. ஒரு கோழிக் கதையச் சொல்லி முடிச்சுட்டீங்களே."

"ஆமாங்க. முடிச்சுட்டேன்." அவள் தலை குனியவில்லை, கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்கன்னு கேக்கறதுக்கு முன்னால ஒரு வேலை இருக்குது. அத முடிச்சுட்டுக் கேக்கறேன்."

"நீங்க சொல்லலன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்லா?"

"எனக்குத் தெரியுமே."

தரை மையத்தை அவள் தனி அலைவரிசையில் கூப்பிடவில்லை. பத்திரிகைக்காரர்களும் கேட்கிற பொது அலைவரிசையில் கூப்பிட்டாள். தனியே பேசலாமே என்று அமிர்தலிங்கம் எவ்வளவோ சொன்னார்.

"வேண்டாமுங்க. பழிய ஊரறியப் போட்டோம். ஊரறியத்தான் எடுக்கோணும்," என்றாள். பிறகு நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கிருமி எங்கிருந்து வந்தது, யார் கையால் வந்தது, கிளமென்ட் ஏன் பிழைத்தான், அவன் ஆற்றிய தண்ணீர் எப்படி வழி காட்டியது. "கிளமென்ட் பர்னாந்து உடம்புல கிருமி இல்ல. அவர் சம்சாரம் தாராளமா எங்க வேணும்னாலும் போகலாம், வரலாம். கிருமி நாமக்கல் டாக்டர் செங்கமலத்தோடது. நிலையத்துல நான் தங்கிக்கறேன். மருந்து எடுத்து, சுத்தமாயிட்டுத்தான் எறங்குவேன்."

அமிர்தலிங்கம் குறுக்கிட்டார். "நீங்க பொறியாளர் இல்லையேம்மா. தனியாச் சமாளிப்பீங்களா?"

"ரெண்டு லட்சம் கோழியத் தனியாப் பாத்தவ நான்," என்றாள். தரை மையத்தில் யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். நிற்கவே நேரமாயிற்று.

அடுத்த நாள் முழுக்கக் கிளமென்ட் அவளுக்கு நிலையத்தின் ஒவ்வொரு விசையையும் சொல்லிக்கொடுத்தான். குடிநீர்ப் பைக்குப் பம்பைப் பொருத்தினான். தண்ணீர் நிற்காமல் ஓடத் தொடங்கியது. புறப்படும் நேரத்தில் தோர்ஜேயோடு சேர்ந்து, மயங்கிக் கிடந்த கேப்டனைக் கலத்தில் ஏற்றிக் கட்டிவிட்டு, வாசலில் தயங்கினான்.

"நான் இருக்கேன் டாக்டர். நீங்க போங்க. ஏதோ ஒரு கோவத்துல பேசிட்டேன்."

"கோவம் நாயமான கோவம்," என்றாள் செங்கமலம். "போங்க. எங்க பண்ணையில முதல்ல குஞ்சு செட்டுக்குத்தான் போவோம். உங்களுக்குக் குஞ்சு காத்துக்கிட்டிருக்குது. சீக்குச் செட்டு கடைசியில. வரிசைய மாத்தப் படாது."

கிளமென்ட் தன் இரண்டு பைகளையும் குழாயையும் அவள் கையில் திணித்தான். "தண்ணி ருசியா இருக்கணும்னா ஆத்தணும். பம்ப் ஆத்துதது கணக்கில்ல, கை ஆத்தணும்," என்றான். சொல்லிவிட்டுக் கலத்துக்குள் நுழைந்தான்.

கலம் பிரிந்து போனது. நிலையத்தில் அவளும் காற்றாடிச் சத்தமும் மட்டும்.

அடுத்த வாரம் திரையில் வந்த ரத்தினசபாபதியின் முகம் ஒரு தினுசாக இருந்தது. "பேனர எடுத்துட்டாங்களா மாமா? சொல்லுங்க, பரவால்ல," என்று அவளே கேட்டாள்.

"பேனரா? அத அப்பறம் சொல்றேன். உன்ற கேப்டனம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாங்களாமா."

"எப்படி? எந்த மருந்துக்கும் கேக்கலையே?"

"நாமக்கல் மருந்து," என்றார் ரத்தினசபாபதி. "அமிர்தலிங்கம் ஐயா ஆளனுப்புனாரு. உன்ற ரத்தத்துல இருக்கற அந்தப் பழைய படை உன்ற ஒருத்திகிட்டத்தானா, இல்ல பண்ணை வேலை பாத்த எல்லாத்துக்கிட்டயும் இருக்குதான்னு பாக்கோணும்னாரு. முதல்ல என்ற கையக் குத்திப் பாத்தாங்க. இருந்துச்சு. எடுத்துச் சுத்தம் பண்ணி அந்தம்மாவுக்கு ஏத்தினாங்க. காச்சல் எறங்கிருச்சு. இப்பத் தடுப்பூசி செய்யறதுக்கு இன்னும் ரத்தம் வேணுமாமா. கேட்டதுதான் தாமதம், கல்யாண மண்டபத்துல வரிசை நிக்குது. தீவனம் போடறவங்க, முட்டை பொறுக்கற பொம்பளைங்க, லாரி ஓட்டறவரு, அத்தனை பேரும். உன்னைய மேல வெச்சுட்டு ஊரு ரத்தம் குடுக்குது புள்ள."

செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் திரண்டு, வழியாமல், உலகத்தையே மங்கலாக்கிக்கொண்டு நின்றது. துடைக்க மனம் வரவில்லை.

"பேனரு?" என்று கேட்டாள் கொஞ்சம் கழித்து.

"அப்படியேதான் இருக்குது. கீழ ஒரு வரி சேத்துருக்கறோம். 'கிருமியும் எங்களுடையது, மருந்தும் எங்களுடையது.' எழுத்துப் பெரிசா இருக்கோணும்னு நான்தான் சொன்னேன்."

அவர் போன பிறகு இன்னொரு படம் வந்து சேர்ந்தது. தூத்துக்குடியிலிருந்து. ஒரு மருத்துவமனை அறை. கிளமென்ட் சட்டையில்லாமல் சாய்ந்திருந்தான்; அவன் மார்பின்மேல், தோலோடு தோலாக, கண்ணை மூடிக்கொண்டு ஒரு குட்டி உயிர். பக்கத்தில் மெர்சலின் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்.

'குஞ்சு செட்டுக்கு வந்து சேந்துட்டேன், டாக்டர்.'

செங்கமலம் அந்தப் படத்தைப் பேனர் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பிறகு அன்றைக்கு உள்ள மருந்தை விழுங்குவதற்காக இரண்டு பைகளையும் எடுத்து, இதைப் பிழிந்து அதில், அதைப் பிழிந்து இதில், பொறுமையாகத் தண்ணீரை ஆற்றத் தொடங்கினாள்.